பூனையை உள்ளே வைப்பது கொடுமை இல்லை

வளர்ப்புப் பூனையை வெளியே விடக் கூடாது என்ற சட்டம் பூனைக்குச் செய்யும் கொடுமை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு உடன்பாடில்லை. நானும் பூனை வளர்ப்பவள்தான். ஒருநாள் காலையில் அது ஒரு சிட்டைக் கவ்வி வந்து என் காலடியில் போட்டது. இறகுகூடக் கலையவில்லை, மார்பு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. கையில் எடுப்பதற்குள் அடங்கிவிட்டது. அன்று கிண்ணத்தில் தீனி அப்படியே இருந்தது. பசிக்காகப் பிடிக்கவில்லை, அதன் சுபாவம் அது.

பறவைகள் சத்தம் கேட்டுத் தப்பிக்கப் பூனையின் கழுத்தில் மணி கட்டினால் போதாதா என்கிறார்கள். கூட்டிலிருக்கும் குஞ்சு மணிச் சத்தம் கேட்டு எங்கே பறக்கும்?

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகள் எல்லாவற்றையும் வீட்டு எல்லைக்குள்தான் வைக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவற்றுக்குப் பல பகுதிகளில் விலக்கு உண்டு. இது நியாயமான ஏற்பாடு. ஊர் சுற்றிப் பழகிய கிழப் பூனையை அடைப்பதுதான் கஷ்டம், குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்தது அவ்வளவாக ஏங்காது. வண்டியில் அடிபடாது, நாயிடம் கடிபடாது என்பதும் இருக்கிறது.

என் பூனைக்கு இப்போது வலை அடித்த பால்கனி. முதல் இரண்டு வாரம் கதவைப் பிறாண்டியது. அப்புறம் வெயில் விழும் மூலையைக் கண்டுபிடித்துவிட்டது.