மொட்டைப் பனையையும் நிற்க விடுங்கள்

உடன்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டி நின்ற ஒரு மொட்டைப் பனையைக் கடந்த பங்குனியில் பக்கத்து நிலத்துக்காரர் வெட்டிச் சாய்த்தார். ஓலையும் பாளையும் இல்லாத மரம் இனி எதற்கு என்பது அவருடைய கேள்வி. விழுந்த வேகத்தில் தண்டின் உச்சி பிளந்துகொண்டது. உள்ளே மக்கிய தூளின் மேல் வெள்ளை முட்டைகள் நொறுங்கிக் கிடந்தன. இரண்டு பனங்காடைகள் பொழுது சாயும்வரை அந்த இடத்துக்கு மேலேயே கரகரவென்று கத்திக்கொண்டு சுற்றின.

பனங்காடை கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கிய தவிட்டு நிறமாகத்தான் தெரியும். வெட்டுக்கிளியைப் பிடிக்கச் சிறகை விரித்து இறங்கும்போதுதான் அந்த நீலம் முழுதாக வெளிப்படும். மரத்தைத் துளைக்கும் அலகு அதற்கு இல்லை. பனையின் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்து கெட்டியாகவும் உட்பக்கம் சோறாகவும் இருப்பதால், இடி விழுந்தோ வண்டு குடைந்தோ தலை போனபிறகு உள்ளே மக்கிக் குழிந்து, வெளித்தண்டு மட்டும் பல ஆண்டுகள் நிற்கிறது. அந்தக் குழியிலும், மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்துகளிலும்தான் பனங்காடையும் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குஞ்சு பொரிக்கின்றன.

ஓலையுள்ள பனைக்கு வேறு குடிகள் உண்டு. பனை உழவாரன், தொங்கும் காவோலையின் அடிப்புறத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு அமைத்து, முட்டைகளையும் அதே எச்சிலால் ஒட்டிவைக்கிறது. காற்றில் ஓலை எவ்வளவு ஆடினாலும் அவை விழுவதில்லை. ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்ததை மனமார வரவேற்றவன் நான். ஆனால் பட்டுப்போன பனையை வெட்டுவது யாருக்கும் தவறாகவே படுவதில்லை என்பதே என் கவலை. செங்கல் சூளைக்கு முதலில் போவதும் அதுதான். குளக்கரைகளில் பனை விதை ஊன்றும் இளைஞர்களை மதிக்கிறேன். இன்று ஊன்றும் விதை பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும், அது பொந்து விழும் மரமாவதற்கோ ஒரு தலைமுறை போதாது. ஆகவே விதை ஊன்றும் ஊர்கள், தங்கள் எல்லையில் நிற்கும் மொட்டைப் பனைகளையும் எண்ணிக் குறித்துவைத்துக்கொண்டு, வீட்டின்மீதோ மின்கம்பியின்மீதோ சாயும் நிலையில் இருப்பவை தவிர மற்றவற்றை விட்டுவிட வேண்டும்.

எங்கள் கிணற்றடியில் இடி விழுந்து கருகிய பனை ஒன்று இன்னும் நிற்கிறது. அதை யார் விலைக்குக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று தம்பிகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.