லக்ராஸைத் தந்தவர்களுக்கே ஒலிம்பிக்கில் இடமில்லையா?

வலை பின்னிய கட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ராஸ், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மறுபடி வருகிறது. பதக்கத்துக்கு அது கடைசியாக ஆடப்பட்டது 1908 லண்டனில். ஆனால் ஆட்டத்தைத் தந்த வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹௌடெனோசோனி மக்கள் தங்கள் கொடியோடு இறங்க வழியில்லை. தேசிய ஒலிம்பிக் கமிட்டி இருந்தால்தான் அணி அனுப்பலாம் என்கிறது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. இது அநியாயம்.

மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனிகா, டஸ்கரோரா என்ற ஆறு இனங்களின் கூட்டமைப்பு இது. வெள்ளையர்கள் வைத்த பெயர் இரோகுவா. இவர்களுக்கு லக்ராஸ் படைத்தவன் கொடுத்த ஆட்டம். நோயாளி தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டும் ஆடுவார்கள். 1630களில் ஹியூரான் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களோடு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான் தெ பிரெபூஃபும் இப்படி வைத்தியத்துக்காக ஆடுவதை எழுதிவைத்திருக்கிறார்.

லக்ராஸ் கட்டையை அவர்கள் செய்யும் விதத்தைப் பாருங்கள். ஹிக்கரி மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் நாரின் போக்கிலேயே பிளப்பார்கள். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, வளைக்கும் இடத்தில் விரிசல் விடும். பிளந்த சட்டத்தைச் செதுக்கி, ஆவியில் வாட்டி, சூடு ஆறுவதற்குள் நுனியைக் கொக்கிபோல் வளைத்துக் கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் காய வேண்டும். அவசரப்பட்டு அவிழ்த்தால் வளைவு விரிந்துவிடும். காய்ந்தபின் இழைத்து, துளை போட்டு, தோல்வாரால் வலை பின்னுவார்கள். வலைக்கு ஒரு பக்கம் மரம், மறுபக்கம் முறுக்கிய நரம்பு. அதனால் வலக்கைக்காரருக்கு ஒரு கட்டை, இடக்கைக்காரருக்கு வேறு கட்டை. மழையில் நனைந்தால் தோல்வார் நெகிழ்ந்து வலை தொங்கிவிடும். பந்து தாமதமாக விடுபட்டுத் தரையில் போய் அடிக்கும். 1970 வாக்கில் பிளாஸ்டிக் தலை வந்தபிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

மாண்ட்ரியல் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸை 'நவீன லக்ராஸின் தந்தை' என்பார்கள். 1867இல் விதிகளை வகுத்து, அணிக்கு 12 பேர், ரப்பர் பந்து என்று முறைப்படுத்தியவர் அவர். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் 1880இல் கனடா லக்ராஸ் சங்கம் பணம் வாங்காமல் ஆடுபவர்களுக்கே இடம் என்று முடிவெடுத்தது. பயணச் செலவுக்குக் காசு பெற்று ஆடிய பூர்வகுடி வீரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று வெளியே தள்ளப்பட்டார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மோஹாக் அணி வெண்கலம் வென்றது. அதுவும் கனடா கணக்கில்தான் ஏறியது.

1983இல் ஹௌடெனோசோனி மக்கள் சொந்தத் தேசிய அணி அமைத்தார்கள். 1990 முதல் உலகக் கோப்பையில் ஆடுகிறார்கள். 2010இல் மான்செஸ்டர் போட்டிக்கு ஹௌடெனோசோனி பாஸ்போர்ட்டோடு கிளம்பியவர்களுக்கு பிரிட்டன் அனுமதி தரவில்லை. 2022 உலக விளையாட்டுப் போட்டியில் அவர்களுக்காக அயர்லாந்து தன் இடத்தையே விட்டுக்கொடுத்தது. 2014, 2018, 2023 மூன்று உலகக் கோப்பைகளிலும் ஆண்கள் அணிக்கு வெண்கலம். ஆக, தகுதி பற்றிப் பேச்சே இல்லை.

விதியைத் தளர்த்த முடியாது என்பதும் சரியல்ல. 2016 ரியோவில் எந்த நாட்டுக் கமிட்டியும் அனுப்பாத 10 அகதி வீரர்களைத் தனி அணியாக இறக்கியது இதே ஒலிம்பிக் கமிட்டிதான். 2023இல் அமெரிக்க அதிபர் பைடனே ஹௌடெனோசோனி அணிக்கு விதிவிலக்கு கேட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் அணிக்கு 6 பேர் களமிறங்கும் ஆட்டம்தான். அந்த ஆறு பேருக்கு ஊதா நிறக் கொடியோடு வழிவிடுங்கள்.