எங்களைக் குழுவிலிருந்து நீக்கியவர்களுக்கு

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஆளாளுக்கு இன்பாக்ஸில் வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரின் ஹோம்ஸ்கூல் குழுவில், மகளை ஆன்லைன் அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம் என்று சொன்னேன். அதற்குக் கீழே, துரோகம் என்பது முதல் யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். மறுநாள் காலையில் எங்களை நீக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்து நாமே முடிவெடுக்கலாம் என்றுதான் ஹோம்ஸ்கூலுக்கே வந்தோம். அதே காரணத்துக்காக இந்த வருடம் வேறொன்றை முயன்று பார்க்கிறோம். இதில் துரோகம் எங்கே வந்தது?

நாங்கள் இனி ஹோம்ஸ்கூலே இல்லை என்று சட்டம் பேசினார்கள். சரி, பேசுவோம். நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சைபர் சார்ட்டர் எனப்படும், தனி அமைப்பு நடத்தும் ஆன்லைன் அரசுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்தான், ஹோம்ஸ்கூல் கணக்கில் வராது. அது எனக்கும் தெரியும். 1988-ஆம் வருட ஹோம்ஸ்கூல் சட்டப்படி வருடாவருடம் அஃபிடவிட் என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, 180 நாளுக்குப் பதிவேடு எழுதி, அவள் படித்ததையெல்லாம் தொகுத்த போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு மதிப்பீட்டாளர் முன் உட்கார்ந்தவள் நான். அந்த அஃபிடவிட்டில் என்ன எழுதுவது என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் செய்து கேட்டவர்களே இன்று எனக்குச் சட்டம் சொல்லித்தருகிறார்கள்.

ஏன் மாற்றினோம் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கை அவளுக்குப் பிடித்த மாதிரி சொல்லிக்கொடுக்க என்னால் முடிந்தாலும், அதற்குப் பகலில் நேரமில்லை. எல்லாவற்றையும்விட, அவளே கேட்டாள். "அம்மா, வேற டீச்சர்கிட்டயும் படிச்சுப் பார்க்கணும்." பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று பார்க்கில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினோமே, அது பேச்சுக்கு மட்டும்தானா?

பள்ளியிலிருந்து லேப்டாப்பும் அட்டைப்பெட்டிகளும் வந்த அன்று அவளைப் பார்த்திருக்க வேண்டும். லிட்மஸ் தாள், பூதக்கண்ணாடி, சின்னத் தராசு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். அன்று ராத்திரி நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒரு நாள், கொல்லையில் மில்க்வீட் செடியில் தொங்கிய மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் கூடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே ஆரஞ்சு இறக்கை தெரிந்தது. எந்த நிமிடமும் வெடிக்கும். பழைய நாளாக இருந்தால் படிப்பை மூடி வைத்துவிட்டு அங்கேயே பாய் போட்டு உட்கார்ந்திருப்போம். ஆனால் நேரலை வகுப்புக்கு மணியாகிவிட்டது. முடித்து ஓடி வந்தபோது காலிக்கூடுதான் இருந்தது. அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. மறுநாள் ஆசிரியையிடம் சொன்னபோது, அவர் இவள் வரைந்து வைத்திருந்த படங்களை வகுப்பு முழுவதற்கும் காட்டச் சொன்னார். ஈரி நகரப் பக்கத்திலிருந்து ஒரு பையன், தன் வீட்டுச் செடியில் இன்னும் புழுக்கள் இருப்பதாகச் சொன்னானாம். இரண்டு நாளும் உண்மை. இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுப்போம்.

2015-ல் வந்த, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ கல்வி ஆய்வு மையத்தின் ஆய்வை ஒருவர் என் முகத்தில் வீசினார். ஆன்லைன் சார்ட்டர் மாணவர்கள், வழக்கமான அரசுப் பள்ளியில் படிக்கும் அதே மாதிரிப் பிள்ளைகளைவிட, ஒரே வருடத்தில் கணக்கில் 180 நாள் படிப்புக்குச் சமமாகப் பின்தங்கினார்கள் என்கிறது. நானும் படித்தேன். அது சராசரி. என் மகள் சராசரி அல்ல, பக்கத்தில் ஆளில்லாத பிள்ளையும் அல்ல. பள்ளியில் எனக்கு 'லேர்னிங் கோச்', அதாவது வீட்டில் படிப்புக்குத் துணை நிற்பவர், என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் எதுவானாலும் ராத்திரி அவளோடு உட்கார்ந்து பின்னத்தைப் போட்டுப் பார்ப்பது நான்தான். இந்தப் பள்ளிகளுக்கு நம் ஊர்ப் பள்ளி மாவட்டம்தான் பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறது, அதனால் மாவட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நஷ்டம் என்று இன்னொருவர் சொன்னார். நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அதைச் சொன்னவரும் தன் பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்புவதில்லை.

அரசின் பிடிக்குள் போய்விட்டோமாம். ஹோம்ஸ்கூலிலும் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்பில் தேர்வு உண்டு. அப்போது யாரும் பிடி என்று சொல்லவில்லை.

ஊரில் மாமியார், "இப்பவாவது பள்ளிக்கூடத்துல போட்டீங்களே" என்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருக்கிறார். அங்கே இத்தனை வருடமும் நான் பிள்ளையைக் கெடுத்தவள். இங்கே இந்த வருடத்திலிருந்து கெடுத்தவள். இதற்கு நடுவில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வியாழக்கிழமை ஏன் பார்க்குக்குப் போகவில்லை என்று கேட்கிறாள். "உன்னைச் சேர்க்க மாட்டார்களாம்" என்று எப்படிச் சொல்வது? அவள் எந்தக் கொள்கைக்கும் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் பிள்ளைகளோடு விளையாடினாள், அவ்வளவுதான்.

என்னை நீக்கியது நீக்கியதாகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டுப் பெண்ணும் இவளும் சேர்ந்து நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு, அடுத்த இதழுக்கான இவள் பக்கங்கள் மோனார்க் படங்களோடு தயாராக இருக்கின்றன. எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.