நான்கு போல்ட் பொருந்திவிட்டால் இருக்கை பொருந்திவிடுமா?

"சீட் முழு செட்டாகத்தான் வரும் சார், தனித்தனியாக எதுவும் கிடைக்காது." இந்த ஒரே வாக்கியத்தைக் கடந்த நான்கு மாதங்களில் சர்வீஸ் சென்டரில், உதிரிபாகக் கவுன்டரில், தொலைபேசியில் என்று மாறி மாறிக் கேட்டுச் சலித்துவிட்டேன். நான் கேட்டது புதிய கார் அல்ல, புதிய இருக்கைகூட அல்ல. என் காரின் பழைய ஓட்டுநர் இருக்கையில் நான் பணம் கொடுத்து வாங்கிய மூன்று வசதிகளை (உயரம் கூட்டும் நெம்புகோல், இடுப்புத் தாங்கி, இருக்கைக்குள்ளிருந்து வரும் காற்றோட்டம்), அதற்குப் பதிலாக வந்த இருக்கைக்கு மாற்றிக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். இது ஏதோ நடக்கவே முடியாத ஆசை என்பதுபோல ஒவ்வொருவரும் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தபோது, முடிச்சூரில் எங்கள் தெருவும் மூழ்கியது. 2015-இல் பட்ட அனுபவத்தால் வண்டியைச் சற்று மேடான இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன், அப்படியும் தண்ணீர் கதவைத் தாண்டி ஓட்டுநர் இருக்கையின் அமரும் பகுதிவரை ஏறிவிட்டது. மழை நீரோடு சாக்கடை நீரும் கலந்த அந்தக் கலவை இரண்டு நாட்கள் உள்ளேயே நின்றது. இருக்கைக்குள் இருக்கும் ஃபோம் நீரை உறிஞ்சிக்கொண்டால் மேலே உறை காய்ந்த பிறகும் நடுப்பகுதி பல வாரங்களுக்கு ஈரமாகவே இருக்கும், பூஞ்சை பிடிக்கும், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால் அந்த நாற்றத்தில் தலை சுற்றும். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஆய்வாளரோ இருக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "கழுவி உலர்த்தினால் போதும்" என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியால் இருக்கையை மாற்றும் செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது.

சரி, ஃபோமை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டபோதுதான் மேலே சொன்ன அந்த வாக்கியம் முதன்முதலாக என் காதில் விழுந்தது. இரும்புச் சட்டம், ஃபோம், உறை, மின்விசிறி, வயரிங் எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளிக்குத்தான் விலை உண்டாம். அந்த விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது, அதற்கும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே நம் ஊரில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், அதே காரின் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய, தண்ணீர் படாத ஓர் இருக்கையை வாங்கினேன். அது என்னுடையதுபோல எல்லா வசதிகளும் உள்ள டாப் மாடலின் இருக்கை அல்ல, குறைந்த வசதிகளோடு வரும் பேஸ் மாடலின் இருக்கை. "எல்லாம் ஒரே வண்டிதானே சார், நாலு போல்ட், அப்படியே உட்கார்ந்துவிடும், உங்கள் பழைய சீட்டில் இருப்பதை எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளலாம்" என்றார் கடைக்காரர். நான்கு போல்ட்டும் உண்மையாகவே பொருந்தின. அதற்கு மேல் ஒன்றுமே பொருந்தவில்லை.

உயரம் கூட்டும் நெம்புகோலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இருக்கையின் பக்கவாட்டில் இருக்கும் அந்தக் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தால் அமரும் பகுதி ஏறி இறங்கும். நான் சற்றுக் குள்ளமானவன், அதை ஏற்றாமல் ஓட்டினால் பானட்டின் முனையோ முன்னால் போகும் இருசக்கர வாகனமோ எனக்குச் சரியாகத் தெரியாது. கைப்பிடியைக் கழற்றி மறு இருக்கையில் மாட்டிவிடலாம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இரண்டு இருக்கைகளையும் சீட் கடையில் கவிழ்த்துப் போட்டு உறையை அவிழ்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: அந்தக் கைப்பிடி பல்சக்கரத்தைத் திருப்ப, பல்சக்கரம் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் இருக்கும் கீல்களைத் தூக்குகிறது. பேஸ் மாடலிலோ அந்தக் கீல்களே இல்லை, சட்டம் நேரடியாக, இருக்கை முன்னும் பின்னும் நகரும் ரெயிலின் மேல் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதாவது வெளியிலிருந்து பார்க்க இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும் இரண்டு இருக்கைகளுக்கும் எலும்புக்கூடே வேறு. இதை விற்றவர் சொல்லவில்லை, சர்வீஸ் சென்டரிலும் ஒருவர்கூட எச்சரிக்கவில்லை.

அடுத்தது லம்பார் சப்போர்ட் என்று சொல்லப்படும் இடுப்புத் தாங்கி. என் கோபத்தின் மையமே இதுதான். இடுப்புப் பகுதியில் இருக்கும் ஐந்து முதுகெலும்புகளும் இயல்பாகவே முன்னோக்கி வளைந்து நிற்பவை. நீண்ட நேரம் உட்காரும்போது அந்த வளைவு தட்டையாகி, எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகளின் மேல் அழுத்தம் ஏறுகிறது. டிஸ்க் விலகி ஆறு வாரம் படுத்துக் கிடந்தவன் நான். எலும்பு மருத்துவர் சொன்ன பிறகுதான், கைக்கு எட்டாத விலையாக இருந்தும், இடுப்புத் தாங்கி உள்ள டாப் மாடலைக் கடன் வாங்கி வாங்கினேன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்கு நாள்தோறும் கனரக லாரிகளுக்கு நடுவே போய் வருகிறவனுக்கு அது ஆடம்பரம் அல்ல. அந்தப் பாகத்தைப் பிரித்துப் பார்த்தால் வளைந்த ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதை இழுக்கும் ஒரு கேபிள், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டையைத் தொங்கவிடும் இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கான துளைகள் பேஸ் மாடலின் முதுகுச் சட்டத்தில் இல்லை. இரண்டு துளைகள்! அவற்றைப் போட ஆலையில் எத்தனை காசு கூடியிருக்கும்? சட்டத்தில் நாமாகத் துளையிடலாம் என்று கடையில் ஓர் இளைஞர் சொன்னார். விபத்தில் உடலைத் தாங்க வேண்டிய எஃகில் கண்ட இடத்தில் துளை போடக் கூடாது என்று அங்கிருந்த மூத்த தொழிலாளியே தடுத்துவிட்டார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

காற்றோட்ட வசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறியை மட்டும் பெயர்த்து வைத்தால் பயனில்லை, ஃபோமுக்குள் காற்றுச் செல்லும் வழிகள் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்க வேண்டும், மேல் உறையில் நுண்துளைகள் இருக்க வேண்டும். பேஸ் மாடலில் இரண்டும் இல்லை. மே மாதத்து வெயிலில் முதுகு நனைந்தபடி ஓட்ட வேண்டியதுதான் என்று அதை மட்டும் மனத்தளவில் விட்டுவிட்டேன்.

ஆனால் அடுத்து நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் பழைய இருக்கையின் முதுகுப் பகுதியில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தது, பேஸ் மாடலில் அது கிடையாது. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். இருக்கையை மாற்ற வந்த மெக்கானிக் வண்டியின் சாவி ஆனில் இருக்கும்போதே அதைப் பிடுங்கினார். உடனே டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது, இருக்கை வார் மாட்டியிருந்தும் பீப் ஒலி நிற்கவில்லை, ஏனெனில் புதிய இருக்கையின் வார்ப்பூட்டில் இருந்த வயரின் முனை என் வண்டியின் முனையோடு சேரவில்லை. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் அந்த எச்சரிக்கை ஒலி கட்டாயம் என்று சட்டம் போட்ட நாட்டில், அதைச் சரிசெய்வதற்கு எனக்குச் சொல்லப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? ஒலியை நிறுத்த, பழைய வார்ப்பூட்டை வண்டியின் வயரோடு இணைத்து அதில் செருகிவைக்கும் ஒரு போலிக் கொக்கியும், விளக்கை அணைக்க மஞ்சள் கனெக்டருக்குள் ரெசிஸ்டர் என்ற ஒரு சிறிய மின்தடையும்!

ரெசிஸ்டரை வைத்தால் ஏர்பேக் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கருவி நம்பிவிடும், விளக்கு அணைந்துவிடும், பக்கவாட்டில் ஒரு லாரி வந்து மோதும் நாளில் என் விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. நாளை இந்த வண்டியை வாங்கும் யாரோ ஒரு குடும்பத்துக்கும் அது தெரியப்போவதில்லை. "எல்லோரும் இப்படித்தான் சார் செய்கிறார்கள்" என்று அந்த மெக்கானிக் சொன்னதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எல்லோரும் செய்கிறார்கள் என்றால், நம் சாலைகளில் எத்தனை வண்டிகள் அணைக்கப்பட்ட விளக்கோடு ஓடிக்கொண்டிருக்கின்றன?

இத்தனைக்கும் மூல காரணம் அந்த மெக்கானிக்கோ புதுப்பேட்டைக் கடைக்காரரோ அல்ல. ஃபோமுக்கும் பட்டைக்கும் கேபிளுக்கும் தனித்தனியே பகுதி எண் கொடுத்து விற்க மறுப்பவர்கள்தான் நம்மை அங்கே துரத்துகிறார்கள். உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு இணையதளத்தையே திறந்தது, அதில் வாகனத் துறையும் ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் பட்டைக்காக நான் நான்கு மாதம் அலைந்திருக்கிறேன்.

கடைசியில் அந்த மூத்த தொழிலாளி சொன்ன வழியில்தான் போனேன். அவர் என் பழைய சட்டத்தையே துரு நீக்கிச் சுத்தம் செய்து, ரெயிலுக்கு கிரீஸ் இட்டு, புதுப்பேட்டையில் வாங்கிய இருக்கையின் ஃபோமை உரித்து அதன்மேல் வைத்து, இடுப்புத் தாங்கியின் பட்டை அசைய வேண்டிய இடத்தில் மட்டும் பின்புறம் வெட்டிவிட்டார். பழைய வார்ப்பூட்டு திரும்பி வந்ததும் பீப் நின்றது. உயரமும் இடுப்புத் தாங்கியும் திரும்பிவிட்டன. காற்றோட்டம் போனது போனதுதான், பொத்தானை அழுத்தினால் விளக்கு மட்டும் எரிகிறது. நீரில் ஊறிய சட்டத்தில் இருந்த பழைய ஏர்பேக்கை நம்ப மனமில்லாமல், சர்வீஸ் சென்டரில் புதியதற்கு முன்பணம் கட்டியிருக்கிறேன், அதை மட்டுமாவது தனியாகத் தருகிறார்கள். அது வரும்வரை டாஷ்போர்டில் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும், ரெசிஸ்டர் வைக்க ஒருவரையும் விடப்போவதில்லை.