ஹானர்ஸ் பாடம் கோர்ட்டைத் தீர்மானிக்காது

சட்டப் படிப்பில் ஹானர்ஸ் பாடம் தேர்ந்தெடுப்பது பற்றி, "ஹானர்ஸில் குற்றவியல் எடுத்தால் அப்புறம் சிவில் வழக்கு நடத்த முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பார் கவுன்சில் (வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பட்டியலில் இருக்கும் எந்த வழக்கறிஞருக்கும் எல்லா நீதிமன்றங்களிலும் ஆஜராகும் உரிமையைத் தருகிறது. சிவில், கிரிமினல் என்ற பிரிவினையே அதில் இல்லை. வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி ஹானர்ஸ் என்பது கூடுதலாக எட்டுத் தாள்கள், அவ்வளவே. ஒப்பந்தம், சொத்துரிமை, சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம் எல்லாம் எப்படியும் கட்டாயம். அதனால் முதலாம் ஆண்டிலேயே பதற வேண்டியதில்லை. இந்தக் கட்டாயப் பாடங்களில் சிலவற்றையாவது படித்துப் பார்த்துவிட்டு எது ஒத்துவருகிறது என்று முடிவெடுங்கள். தாளின் பெயரைவிட, அதை நடத்தும் ஆசிரியர் யார் என்று சீனியர்களிடம் விசாரிப்பது மேல்.

உண்மையிலேயே முன்கூட்டி யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: காப்புரிமை (பேட்டன்ட்) முகவர் வேலை, அதாவது கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு நடத்தித் தருவது. 1970 காப்புரிமைச் சட்டம் அதற்கு அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கேட்கிறது. பி.ஏ., எல்எல்.பி. மட்டும் முடித்தவர் அறிவுசார் சொத்துரிமையில் ஹானர்ஸ் வாங்கினாலும் முகவராகப் பதிய முடியாது. ஆனால் காப்புரிமை வழக்கில் வழக்கறிஞராக வாதாடலாம். அதற்குத் தடை இல்லை.