போஸ்டரில் ‘வள்ளல்’ என்று போட வேண்டாம்

நம் ஊர் பேங்க்கில் மேனேஜராக இருந்த சார் காலமாகி நேற்றோடு பதினாறு நாள். காரியத்துக்கு ராமநாதபுரம் பக்கம் அவருடைய சொந்த ஊருக்குப் போய்விட்டு இன்று மதியம்தான் மலையேறினேன். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை தாண்டியதுமே போஸ்டர் கண்ணில் பட்டது. சார் படம் போட்டு, கீழே ‘கொடை வள்ளல்’ என்று பெரிய எழுத்து. ஒட்டியது நம் பையன்கள்தான், பாசத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வார்த்தை உறுத்துகிறது. உயிரோடு இருந்து பார்த்திருந்தால் சாரே அதைக் கிழித்திருப்பார்.

அவர் பேரில் ஊர் எல்லையில் நினைவு வளைவு கட்ட வசூல் நடப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இருபது வயதுத் தம்பி தங்கைகளுக்கு அந்தக் காலத்து மண்டிக் கணக்கு தெரிந்திருக்காது. விதைப்பூண்டு வாங்கக் கையில் காசு இருக்காது. மண்டியில் அட்வான்ஸ் வாங்குவோம். உரத்துக்கு அட்வான்ஸ், வீட்டில் விசேஷம் என்றால் அதற்கும் அட்வான்ஸ். வட்டி என்று தனியாக யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தோண்டியதும் சரக்கு அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும், அவர்கள் வைப்பதுதான் விலை. கமிஷன் போக, கழிவு போக, அட்வான்ஸ் பிடித்தம் போக அப்பா கையில் மிஞ்சுவது பஸ் காசு. நம் மலைப்பூண்டு, தாளோடு கட்டிப் புகையில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் அந்தக் குணத்தைத்தான் புகழ்ந்து எழுதினார்கள். விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கலாம் என்பது எங்கள் தாத்தனுக்கும் தெரியும். கடன்பட்டவன் எங்கே காத்திருப்பது? மண் காய்வதற்குள் மூட்டை வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு லாரி ஏறிவிடும்.

1969 ஜூலை 19ஆம் தேதி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் மலைமேல் வர எந்த வங்கிக்கும் அவசரமில்லை. 1977ல் ஒரு விதி வந்தது. ஏற்கெனவே வங்கி இருக்கும் ஊரில் புதிதாக ஒரு கிளை திறக்க வேண்டுமென்றால், வங்கியே இல்லாத நாலு ஊரில் கிளை திறந்தாக வேண்டும். நம்மைப் போன்ற ஊர்களுக்கெல்லாம் பேங்க் போர்டு வந்தது அப்படித்தான். போர்டு வந்தது சரி, உள்ளே போக யாருக்குத் தைரியம்? செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நிற்போம் என்று தாத்தா சொல்வார்.

எண்பதுகளின் கடைசியில் சார் வந்தார். மலைக்கிளை என்றால் தண்டனை மாற்றல் என்று நினைக்கும் காலம் அது. இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் கிடந்த பூண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்தார். ஒரு பல்லை உரித்து நசுக்கி முகர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, இந்தச் சரக்கை இப்பவே ஏன் போடுறீங்க?”

“மண்டியில அட்வான்ஸ் நிக்குது சார்.”

“எவ்வளவு?”

“மூவாயிரம்.”

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார். “பாதியைப் போட்டு மண்டிக் கணக்கை முடிங்க. மீதியைக் கட்டித் தொங்கவிடுங்க. அடுத்த போகத்து உரத்துக்கும் கூலிக்கும் நான் பயிர்க்கடன் தர்றேன்.” பட்டா தாத்தா பேரில், அதுவும் கூட்டுப் பட்டா. அம்மா அதைச் சொல்லித் தயங்கினார். உழுகிறவர் யார் என்று அடங்கலில் தெரியுமே, வி.ஏ.ஓ.விடம் அதை வாங்கிக்கொண்டு பெரியப்பாவை ஜாமீனுக்குக் கூட்டி வாருங்கள் என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“கும்பிடாதீங்கம்மா. நான் தர்மம் பண்ணலை. இது கடன், வட்டியோட கட்டணும். நீங்க கட்டுவீங்கன்னு தெரிஞ்சுதான் கொடுக்கிறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா இன்றைக்கும் சொல்வார். புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்றவரைப் பார்த்து ஊரே ஐயோ பாவம் என்றது. “கட்டுவீங்க” என்று சொன்ன முதல் ஆள் சார்தான். அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுப் பரணில் பூண்டு புகை குடித்தது. மூன்று மாதம் கழித்து வடுகபட்டியில் அம்மாவே விலை பேசினார்.

1990ல் மத்திய அரசு 10,000 ரூபாய் வரையிலான விவசாயக் கடன் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. நிஜமாகவே நொடித்துப் போயிருந்த பலருக்கு அது மூச்சு கொடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டியவர்களைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். அம்மாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. சார் என்ன செய்தார் தெரியுமா? கட்டி முடித்தவர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த போகக் கடனை முதலில் அவர்களுக்குப் போட்டார், முந்தியதைவிடக் கூடுதலாக. வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

அப்புறம் பெண்கள் குழுக்கள். விவசாயத்துக்கும் கிராமங்களுக்குமான தேசிய வங்கி நபார்டு, 1992ல் சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் வேலையை நாடு முழுக்க 500 குழுக்கள் என்ற இலக்கோடு சோதனையாகத்தான் தொடங்கியது. இங்கே முதல் குழுவைச் சேர்த்து உட்கார வைத்தது யார் என்று பெரியம்மாக்களைக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள்.

சாரிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று யார் வந்தாலும் அந்த நாளில் முகத்துக்கு நேரே முடியாது என்பார். விளைச்சல் இல்லாத செலவுக்குக் கடன் கொடுத்தால் மனுஷன் எழுந்திருக்க முடியாது என்பது அவர் கட்சி. அப்படித் திரும்பிப் போன ஒருவர் கந்துவட்டிக்கு வாங்கி நிலத்தையே விட்டார். வயதான பிறகு சாரே அதை நினைத்து வருந்தினார். “அன்னைக்குக் கொடுத்திருக்கணும்” என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

ரிட்டயர் ஆனதும் சொந்த ஊருக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்தார். வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி மேல்மலைப் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கொடுத்தார். இதைத்தான் போஸ்டர்காரர்கள் கொடை என்கிறார்கள். கொடை இல்லை. வட்டி கிடையாது, அவ்வளவுதான். வேலைக்குப் போன ஆறாவது மாதத்திலிருந்து தவணை கட்ட வேண்டும். சிவப்பு அட்டை நோட்டு ஒன்றில் எல்லாக் கணக்கும் இருக்கும். திருப்பூருக்கு வேலைக்குப் போன ஒரு பையனிடமிருந்து தவணை வரவில்லை. சார் பஸ் ஏறித் திருப்பூருக்கே போனார். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவனோடு டீ குடித்துவிட்டு, தவணையைப் பாதியாகக் குறைத்து எழுதிக்கொண்டு வந்தார். தள்ளுபடி பண்ணவில்லை. அவன் முழுசாகக் கட்டி முடித்தான். அந்தப் பணத்தில் அடுத்து ஒரு பெண் படித்தாள். சும்மா கொடுத்திருந்தால் பணம் அவனோடு நின்றிருக்கும், அவனும் சாரைக் கண்டால் ஒதுங்கிப் போயிருப்பான்.

இப்போது விவசாயக் கடன் என்று போய் நின்றால் முதல் கேள்வியே “நகை இருக்கா?” என்பதுதான். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் விவசாயக் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டு பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான் வரும். இதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? யார் வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறார்கள்? இன்றைய மேனேஜர்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. ஆள் குறைவு, டார்கெட், இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றல். பூண்டு எந்த மாதம் நடுகிறோம் என்று பிடிபடுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் மறுபடி மண்டி அட்வான்ஸுக்குத் திரும்புவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அதனால் என் கோரிக்கை இதுதான். வளைவு வேண்டாம். வசூலான பணம் அந்த சிவப்பு நோட்டுக் கணக்கில் சேரட்டும். சார் வீட்டம்மா நேற்று அந்த நோட்டை என் கையில் கொடுத்து, நீங்களே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார். கட்ட வேண்டியவர்கள் 31 பேர். யார் பேரையும் வெளியே சொல்ல மாட்டேன், சாரும் சொன்னதில்லை. என் மகள் பேரை மட்டும் சொல்லலாம் என்பதால் சொல்கிறேன். நர்சிங் கடைசி வருஷ ஃபீஸ், பாக்கி 6,000 ரூபாய்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்ச் சாவடியில் உட்காருவோம். கணக்கை யார் பார்ப்பது, அடுத்த ஃபீஸ் யாருக்கு என்று பேசி முடிவு செய்வோம். பாக்கி உள்ளவர்கள் முழுசாகக் கொண்டுவர வேண்டும் என்றில்லை, ஒரு தவணையோடு வந்தாலும் சரி. அம்மா இப்போதே ஆறாயிரத்தை எண்ணிக் கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். ரசீது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.