ஃபீஸ் கேட்டா திருடன், கமிஷன் எடுத்தா நம்ம புள்ள

பணத்தை எங்க போடலாம்னு வழி சொல்ல 20,000 ரூவா ஃபீஸ் கேட்டான்னு ஒரு ஆளைத் திருடன்னு சொல்லுத ஊரு, அதே வாரத்துல அதுக்கு ரெண்டு பங்குக்கு மேல பாலிசி வித்த இன்னொருத்தன் பாக்கெட்டுக்குக் கமிஷனாப் போறதை ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டு "அவன் தங்கமான பையன்லா"ன்னும் சொல்லும். நம்ம திருநெல்வேலியைத்தான் சொல்லுதேன். பாளையங்கோட்டை, டவுனு, அம்பை, வள்ளியூரு எல்லாம் சேத்துத்தான். இதை எழுதுனா நாலு பேருக்கு வருத்தம் வரும்னு தெரியும், அதுல ரெண்டு பேரு எனக்கே சொந்தம். பரவால்ல.

நான் வேலை பாக்கது வண்ணார்பேட்டைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல. ஜூன் ஜூலை ஆச்சுன்னா இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன் போட வாரவிய பேப்பர் பூராவும் எங்க மேசைக்கு வந்துரும். சம்பளம் என்ன, கடன் என்ன, எந்த பேங்க்ல எவ்வளவு கெடக்கு, எவன் பேச்சைக் கேட்டு என்ன பாலிசி எடுத்திருக்காவ, எல்லாம் அந்த பைக்குள்ள இருக்கும். முக்காவாசிப் பேரு பையைப் பாத்தா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும், அவியளுக்கு என்ன தேவைன்னு பாத்து வாங்குனது ஒண்ணும் இருக்காது, எவன் கேட்டு மாட்டேன்னு சொல்ல முடியலையோ அவனுக்காக வாங்குனதுதான் இருக்கும். மச்சினனுக்கு ஒரு பாலிசி, சபைல கூட உக்காருத அண்ணாச்சிக்கு ஒரு பாலிசி, மகளோட கிளாஸ் டீச்சர் வீட்டுக்காரருக்கு ஒரு பாலிசி.

ஒரு டீச்சர் கதைய மட்டும் சொல்லுதேன், ஊரு பேரு வேண்டாம். ரிட்டயர் ஆகி கிராஜுவிட்டி, பிஎஃப், கம்யூட்டேஷன்னு (பென்ஷன்ல ஒரு பங்கை மொத்தமா முன்னாடியே வாங்குதது) வந்த மொத்தப் பணமும் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல கெடந்துருக்கு. எஃப்டி போடத்தான் பேங்குக்குப் போயிருக்காவ. அங்க ஏசி ரூம்ல உக்கார வச்சு காப்பி வாங்கிக் குடுத்து, "டீச்சர் எஃப்டியெல்லாம் வேஸ்ட், இது கேரண்டி, டேக்ஸ் கெடையாது"ன்னு பேசுன பையன் அவியகிட்டயே எட்டாங்கிளாஸ் படிச்சவன். அவ்வளவுதான், ஒரு இன்சூரன்ஸ் பாலிசில கையெழுத்து. வருஷம் 3 லட்சம், அஞ்சு வருஷம் கட்டணும்.

அந்த பாலிசி பாண்டைப் பிரிச்சு ஒவ்வொரு பக்கமா பாத்தேன். பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன்னு ஒரு தாள் இருக்கும், முதலீட்டுல 4 பெர்சென்ட் வந்தா உங்களுக்கு இவ்வளவு, 8 பெர்சென்ட் வந்தா இவ்வளவுன்னு ரெண்டு பத்தியா போட்டிருப்பான், இது விதிப்படி கட்டாயம் குடுக்க வேண்டிய தாள். அதுல 8 பெர்சென்ட் பத்தியோட கடைசித் தொகையை மட்டும் நீல மை பேனாவுல வட்டம் போட்டு வச்சிருக்கு. அந்தத் தொகைல பெரும்பங்கு கேரண்டி இல்லைன்னு அதே பத்தி தலைப்புலயே அச்சடிச்சிருக்கு, அதை யாரும் வட்டம் போடல. பொறவு அப்ளிகேஷன்ல போன் நம்பர் பாத்தா டீச்சர் நம்பரே இல்ல, அந்தப் பையன் நம்பர். பாலிசி பத்தி வெளக்கமா சொன்னாங்களா, புரிஞ்சுதான் எடுத்தியளான்னு கம்பெனில இருந்து வெரிஃபிகேஷன் கால் வரும்லா, அது யாருக்குப் போயிருக்கும், யாரு "ஆமா புரிஞ்சுது"ன்னு சொல்லிருப்பான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்க 30 நாள் உண்டு, அதுவும் தாண்டிப் போச்சு.

டீச்சர் மகன் பெங்களூர்ல இருக்கான். விஷயம் தெரிஞ்சு பதறி, மிச்சப் பணத்தையாவது காப்பாத்தணும்னு செபில (பங்குச் சந்தையைக் கண்காணிக்குத அரசு அமைப்பு) ரெஜிஸ்டர் பண்ணுன ஒரு முதலீட்டு அட்வைசரைப் பிடிச்சு வீடியோ கால்ல பேச வச்சிருக்கான். அவரு பென்ஷன் எவ்வளவு, மாசச் செலவு எவ்வளவு, பேத்திக்கு ஏதாவது செய்யணுமான்னு ஒரு மணி நேரம் கேட்டுட்டு, பிளான் எழுதித் தர 20,000 ரூவா, எந்தக் கம்பெனிலயும் கமிஷன் வாங்க மாட்டேன், அக்ரிமென்ட் போட்டுத் தாரேன்னு சொல்லிருக்காரு. அதுக்கு டீச்சர் எங்கிட்ட சொன்னது, "யாரு எவருன்னே தெரியாது, மூஞ்சியக்கூட போன்லதான் பாத்தேன், பேசுததுக்கு இருவதாயிரமா? இந்தப் பய நம்ம புள்ளய்யா, எங்கிட்ட ஒத்தப் பைசா வாங்கல."

ஒத்தப் பைசா வாங்கல. இங்கதான் நம்ம ஊரு மொத்தமா சறுக்குது. 3 லட்சம் பிரீமியத்துக்கு முதல் வருஷக் கமிஷன் நூத்துக்கு 15ன்னே வச்சுக்கிட்டாலும் 45,000 ஆச்சு. பேங்க் எடுத்துக்கிடுச்சா, பையனுக்கு இன்சென்டிவா எவ்வளவு போச்சு, அது வேற கணக்கு, ஆனா போனது டீச்சர் கட்டுன காசுலருந்துதான். நீண்ட காலப் பாலிசில முதல் வருஷக் கமிஷன் கட்டுன பணத்துல கால்வாசிக்கு மேலயே போன காலம்லாம் உண்டு. பில்லு போட்டுக் கேட்டா வயிறு எரியுது, பில்லே இல்லாம எடுத்தா இலவசம்னு நெனைக்கோம்.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா நியாயம் இல்ல. தெரியாத ஆளை நம்பாதது தப்பே கெடையாது, நம்ம சனம் பட்ட பாடு அப்படி. 90கள்ல தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி வந்து ஓடிப் போச்சு, அந்தக் கூத்தைத் தாங்க முடியாமத்தான் 1997ல டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டமே தமிழ்நாட்டுல போட்டாங்க. 2012ல ஈமு கோழிப் பண்ணை மோசடி. 2022ல ஆருத்ரான்னு ஒரு கம்பெனி, மாசத்துக்கு நூத்துக்கு 25, 30 தாரோம்னு சொல்லி லட்சம் பேருகிட்ட 2,400 கோடிக்கு மேல வாங்கிட்டாங்கன்னு போலீஸே சொல்லிச்சு. மாசத்துக்குங்க, வருஷத்துக்கு இல்ல! ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, இந்த மாதிரி ஸ்கீம் எதுலயாவது டிவி விளம்பரத்தைப் பாத்து மட்டும் பணம் போட்ட ஆளு எத்தனை பேரு உங்களுக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சு போட்டவிய எல்லாரும் ஒரு தெரிஞ்ச முகத்தைப் பாத்துத்தான் போட்டாவ. எதுத்த வீட்டு அண்ணன், ரிட்டயர்டு போலீஸ்காரரு, அத்தான் கூட வேலை பாத்தவரு. ஏமாந்தது தெரிஞ்ச முகத்துகிட்ட, கோவம் மட்டும் தெரியாத முகத்து மேல.

தெரிஞ்சவனை ஏன் நம்புதோம்னு கேட்டா ஒரு பதில் ரெடியா இருக்கும், "வீடு தெரியும், அவன் அப்பனைத் தெரியும், ஏதாவது ஆச்சுன்னா சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம்லா." சரி, கேட்டியளா? டீச்சர்கிட்ட நானே சொன்னேன், கம்பெனிக்கு ஒரு புகார் எழுதுவோம், கேக்கலன்னா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்குத ஓம்புட்ஸ்மேன் இருக்கு, போன் நம்பர் மாத்திப் போட்டதே பெரிய பாயிண்ட்டுன்னு. "ஐயய்யோ அவன் வேலைக்கு ஏதாவது ஆயிரப் போவுது, இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு"ன்னுட்டாவ. சட்டையைப் பிடிக்கலாம்னுதான் சொந்தக்காரன்கிட்ட போறோம், சொந்தக்காரன்ங்கதுனாலயே சட்டையைப் பிடிக்க மாட்டோம். இந்த முகத்தாட்சண்யம் இருக்கு பாத்தீங்களா, இதை நம்பித்தான் அந்த யாவாரமே ஓடுது. புதுசா ஏஜென்ட்டா சேந்த ஆளுட்ட முதல்ல என்ன செய்யச் சொல்லுதாங்க? தெரிஞ்சவங்க 100 பேரு லிஸ்ட் எழுதுங்கதான். யாருக்குத் தேவைன்னு லிஸ்ட் எழுதச் சொல்ல மாட்டாங்க.

அப்போ செபி நம்பர் வச்சிருக்கவன் எல்லாம் யோக்கியனான்னா, அதுவும் இல்ல. இந்தூர்ல இருந்து போன் பண்ணி ஷேர் டிப்ஸ் தாரேன்னு இந்தி கலந்த இங்கிலீஷ்ல பேசி பணம் புடுங்குன கம்பெனியள்ல செபி ரெஜிஸ்ட்ரேஷன் வச்சிருந்ததும் உண்டு, செபி அதுகளைத் தடை பண்ணி ஆர்டர் மேல ஆர்டரும் போட்டுச்சு. இப்போ டெலிகிராம்லயும் யூடியூப்லயும் ஆப்ஷன் டிரேடிங் சொல்லித் தாரவன் எல்லாம் தன்னை அட்வைசர்ங்கான், முக்காவாசிக்கு நம்பரே கெடையாது. ஷேர் வெலை இனிமே ஏறுமா எறங்குமான்னு பந்தயம் கட்டுத மாதிரியான எஃப் அண்ட் ஓல (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) தனி ஆளுங்க 100க்கு 93 பேரு நஷ்டப்படுதாங்கன்னு செபியே 2024 செப்டம்பர்ல கணக்கு வெளியிட்டுச்சு. இந்தக் கும்பலைப் பாத்து ஒருத்தன் பயந்தா நான் குறை சொல்ல மாட்டேன்.

கமிஷன் வாங்குதவன் எல்லாம் கெட்டவன்னும் நான் சொல்லல, அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிரும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிப்யூட்டர் அண்ணாச்சி இருக்காவ. 2020 பிப்ரவரி, மார்ச்ல கொரோனா பயத்துல ஷேர் மார்க்கெட் குறியீடு நிஃப்டி 12,000த்துல இருந்து 7,600க்கு விழுந்தப்போ, எல்லாத்தையும் எடுத்துருங்கன்னு அழுதவியளுக்கெல்லாம் லாக்டவுன்ல உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, பொறுங்க பொறுங்கன்னு நிறுத்தி வச்சாவ. அந்த நவம்பருக்குள்ள மார்க்கெட் பழைய உச்சத்தைத் தாண்டிருச்சு. அவிய வாங்குத கமிஷன் அந்த ஒரு மாசத்துக்கே தகும்.

ஆனா அந்தக் கமிஷன் எவ்வளவுன்னு பணம் போடுதவனுக்குத் தெரியணும்லா. 2009 ஆகஸ்ட் வரைக்கும் ஃபண்ட்ல பணம் போட்ட ஒடனே நூத்துக்கு ரெண்டே கால் வரைக்கும் என்ட்ரி லோடுன்னு பிடிச்சாங்க, செபி அதை நிறுத்துச்சு. 2013 ஜனவரில இருந்து டைரக்ட் பிளான் வந்துச்சு, நடுவுல ஆளு இல்லாம நேராப் போடலாம், செலவு கொறச்சல். அதே மாசந்தான் ஃபீஸ் வாங்கி ஆலோசனை சொல்லுதவங்களுக்குன்னு தனி விதியும் வந்துச்சு. ஆளு மூலமாப் போடுத ரெகுலர் பிளானுக்கும் டைரக்டுக்கும் செலவுல வித்தியாசம் வருஷத்துக்கு அரையிலருந்து 1 பெர்சென்ட்தானன்னு தோணும். மாசம் 10,000 வீதம் 25 வருஷம் போட்டுப் பாருங்க, 12 பெர்சென்ட் வளந்தா ஒரு கோடியே 90 லட்சம் கிட்ட வரும், 11 பெர்சென்ட்னா ஒரு கோடியே 59 லட்சம். வித்தியாசம் 30 லட்சம். கூட நின்னு வழி சொல்ல ஆளு வேணும்னா அந்த 30 லட்சத்துல ஒரு பங்கு குடுக்கது நியாயம்தான், வருஷத்துக்கு ஒரு காலண்டர் குடுத்துட்டுப் போறவனுக்கு எதுக்குக் குடுக்கணும்?

இந்த ஃபீஸ் வாங்குத அட்வைசருங்க மேலயும் எனக்குக் கோவம் இருக்கு. இந்தியா பூராவுக்கும் ஆயிரம் பேரைச் சுத்தித்தான் ரெஜிஸ்டர் பண்ணிருக்காங்க, எல்ஐசிக்கு மட்டும் 13 லட்சத்துக்கு மேல ஏஜென்ட்டு. அந்த ஆயிரத்துலயும் பெரும்பாலும் மும்பை, பெங்களூர் மாதிரி பெரிய ஊருலதான். நம்ம பக்கம் ஒரு பீடி சுத்துத அக்கா பிஎஃப் பணம் ரெண்டு லட்சத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு கேட்டா எந்த அட்வைசர் பதில் சொல்லுவாரு? 20,000 ஃபீஸ் அவளுக்கு நூத்துக்கு பத்து. 40 பக்கத்துக்கு இங்கிலீஷ்ல பிடிஎஃப் அனுப்புனா டீச்சருக்கே தலை சுத்தும், அந்த அக்கா என்ன செய்வா? ஒரே தொகையா ஃபீஸ் வாங்குனா குடும்பத்துக்கு வருஷம் 1,51,000க்கு மேல வாங்கக் கூடாதுன்னு செபி மேல்வரம்பு வச்சிருக்கு, நல்லதுதான், ஆனா கீழ இருக்கவனுக்கு 500க்கும் ஆயிரத்துக்கும் தமிழ்ல ஒரு மணி நேரம் பேச ஆளு இருந்தாத்தான நம்பிக்கை வரும். முகம் பாக்காம நம்ம சனம் நம்பாது, அவங்க முகம் காட்ட இந்தப் பக்கம் வரவும் மாட்டாங்க. பொறவு நம்ப மாட்டேங்காங்கன்னு யூடியூப்ல பொலம்புனா எப்படி?

யாரா இருந்தாலும் ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, நம்பர். அட்வைசர்னா ஐஎன்ஏன்னு ஆரம்பிக்கும், செபி வெப்சைட்ல பேரைப் போட்டா வரும், வரலன்னா போனை வச்சுருங்க. இன்னொண்ணு, "இதுல உனக்கு யாரு காசு தாரா?" இந்தக் கேள்விக்கு நல்ல ஆளு மொகம் சுளிக்காது, அந்த அம்பை அண்ணாச்சிட்ட கேட்டுப் பாத்தேன், கமிஷன் ஸ்டேட்மென்ட்டையே போன்ல எடுத்துக் காட்டிட்டாவ. "நான் என்ன அந்நியனா, எங்கிட்ட போய் இப்படிக் கேக்கியளே"ன்னு ஒருத்தன் சொன்னான்னா, அங்க கையெழுத்து போடாதீங்க.

டீச்சர் ரெண்டாவது பிரீமியம் கட்டுற தேதி வருது. கட்டாம விட்டா போட்டதுல எவ்வளவு திரும்பக் கெடைக்கும், கட்டுனா கடைசில என்ன வரும்னு ரெண்டையும் ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் குடுத்துருக்கேன். "அந்தப் பயட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லுதேன்"ன்னு வாங்கிட்டுப் போயிருக்காவ. இதைப் படிச்சுட்டு ஏஜென்ட் தம்பிங்க யாராவது சண்டைக்கு வந்தா வாங்க, ஆனா வரும்போது கடைசியா போட்ட பாலிசில முதல் வருஷம் உங்களுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எழுதிட்டுப் பேச ஆரம்பிங்க.